கதையோடு வந்த இசையமைப்பாளர்

சங்கீதம் பயில விரும்புவோர் குருவின் வீட்டு வாயிலால் உட்புகுவதே நம்மவர் கண்ட வழக்கம். வங்காளத்துச் சலீல் சௌத்ரியோ பம்பாய்ப் படவுலகினுள் ஒரு கதையைக் கையிற் கொண்டு புகுந்தவர். அவர் வந்த பாதையைச் சற்று நோக்குவோம்.

இளமைக் காலம் அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களிற் கழிந்தது. தந்தையார் தோட்ட வைத்தியர். தாயகம் திரும்பிய அயர்லாந்து வைத்தியர் ஒருவர் தமது கிராமபோனையும் மேனாட்டு இசைத்தட்டுகளையும் அவரிடம் விட்டுச் சென்றார். மோசாட், பேதோவன் ஆகியோரின் இசை சிறுவன் செவியில் விழுந்தது இவ்வாறே. வீட்டுக்கு வெளியே தொழிலாளரின் பாட்டு ஒலித்தது. தந்தையார் அத்தொழிலாளரைச் சேர்த்து நாடகங்களும் நடத்தினார். நமது மலைநாட்டுத் தோட்டங்களை அறிந்த வாசகர்கள், அக்காலத்தில் இஃது எத்துணை அரிய செயல் என்பதை உணர்வர்.

பின்னர் கல்கத்தாவிற் கல்லூரிப் படிப்பு. 1943இல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது, இலட்சக்கணக்கானோர் மாண்டனர். புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்த மாணவர் உழவர் இயக்கத்திற் சேர்ந்து, கூட்டங்களுக்குப் பாட்டெழுதி மெட்டமைக்கலானார். இந்திய மக்கள் நாடக மன்றத்தாருடன் ஊரூராகச் சென்றார். பொலிசார் தேடியபோது சுந்தரவனக் கிராமங்களில் மறைந்திருந்தார். நிலமிழந்த உழவனுக்கு இராக ஆலாபனை கேட்க நேரமேது? பாட்டு ஒரு முறை கேட்டவுடன் நாவிற் படிய வேண்டும். நூறு பேர் சேர்ந்து பாடினாலும் குலையாதிருக்க வேண்டும். எந்தச் சங்கீதக் கலாசாலையும் இப்பயிற்சியை அளித்திராது என்றே நாம் எண்ணுகின்றோம்.

1949இல் வங்காளப் படமொன்றுக்கு இசையமைத்தார். ஆயினும் அவரைப் பம்பாய்க்கு அழைத்துச் சென்றது இசையன்று. தன் சிறு நிலத்தை மீட்பதற்காக நகரஞ் சென்று றிக்ஷா இழுக்கும் உழவனின் கதையொன்றை அவர் எழுதியிருந்தார். இயக்குநர் பிமல் றோய் அதனையே 1953இல் ‘தோ பீகா ஜமீன்’ என்னும் படமாக்கினார். கதையும் சலீலுடையது, இசையும் அவருடையதே. மறு ஆண்டு கான் திரைப்பட விழாவில் அப்படம் பரிசு பெற்றது.

1958இல் வெளிவந்த ‘மதுமதி’ படத்தின் இசைக்காகப் பில்ம்பெயார் விருது கிடைத்தது. 1961இல் வெளிவந்த ‘சாயா’ படத்தில், மோசாட்டின் 40ஆவது சிம்பனியின் தொடக்கத்தைக் காதற் பாட்டாக்கினார். திருட்டென்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. திருட நினைப்பவன் உலகறிந்த பொருளிலா கை வைப்பான்? தோட்டத்து வீட்டிற் சுழன்ற இசைத்தட்டு அங்கே இந்தி பேசிற்று, அவ்வளவே.

1965இல் மலையாளச் ‘செம்மீன்’ வந்தது. கேரள மீனவரின் காதலைப் பற்றிய படத்துக்கு வங்காளி ஒருவர் மெட்டமைக்க, இன்னொரு வங்காளியான மன்னா டே பாடினார். அப்பாடலைக் கேரளத்தார் தம்முடையதாகவே ஏற்றுக்கொண்டனர். படம் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது.

நம் நாட்டவருக்கும் அவரோடு ஓர் உறவுண்டு. மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா, 1977இல் தாம் முதன்முதலில் இயக்கிய கன்னடப் படமாகிய ‘கோகிலா’வுக்கும், 1979இல் முதல் தமிழ்ப் படமாகிய ‘அழியாத கோலங்க’ளுக்கும் சலீலையே இசையமைக்கச் செய்தார். சலீல் 1995இற் காலமானார். ‘அழியாத கோலங்கள்’ பாடல்களை விரும்பிக் கேட்கும் நம்மவருட் பலர், அவற்றுக்கு மெட்டமைத்தவர் ஒரு வங்காளி என்பதை இன்றும் அறியார்.