“என்ஜின் போச்சு!” அடுத்து என்ன செய்வது?

எந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதி வாகன நிறுத்துமிடத்தையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சாயம் வெளுத்த கஞ்சில், பழைய புரோட்டோன் சாகா, முதல் தலைமுறை மைவி. இரண்டாவது கையும் மூன்றாவது கையும் மாறி வந்த கார்கள்தாம் அங்கே அதிகம். பேருந்து போகாத இடத்தில் தொழிற்பயிற்சி, இரவு நேர பகுதிநேர வேலை, மாதம் ஒருமுறை ஊருக்குப் பயணம் என்று எல்லாம் அந்தக் காரை நம்பித்தான் நடக்கின்றன. அப்பாவின் சேமிப்போ கூட்டுறவுக் கடனோதான் அதன் விலை. அப்படிப்பட்ட காரின் என்ஜின் நின்றுவிட்டால், அடுத்த சில நாள்களில் நாம் எடுக்கும் முடிவு ஒரு முழு பருவத்தின் செலவுக்குச் சமம்.

பட்டறையில் முதலில் காதில் விழும் வாக்கியம், “என்ஜின் போச்சு.” காய்ச்சலோடு போகிறவரிடம் மருத்துவர் “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொல்லி அனுப்புவதைப் போன்றது இது. ஸ்டார்ட் ஆகாத காரில் பெட்ரோல் பம்ப் பழுதாகியிருக்கலாம். ஒரு சிறிய சென்சர் போயிருக்கலாம். டைமிங் பெல்ட் அறுந்து வால்வுகள் வளைந்திருக்கலாம். பிஸ்டனே உருளையைக் கீறியிருக்கலாம். முதல் இரண்டும் சில நூறு வெள்ளியில் முடியும். கடைசியாகச் சொன்னது சில ஆயிரம் வெள்ளி. எது போனது என்று தெரியாமல் எவ்வளவு ஆகும் என்று கேட்பதில் பயனில்லை.

என் வகுப்புத் தோழி ஒருத்தியின் கதையைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். ஊர் பாகான் செராய். 12 வயதான, 1.3 லிட்டர் கார். அவளுடைய அப்பா ஒரு கார் வியாபாரியிடம் 9,500 வெள்ளிக்கு வாங்கிக் கொடுத்தார். அந்தக் குடும்பத்தின் முதல் கார் அதுதான். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் வீட்டிலிருந்து எடுத்தார்கள். ஏழு மாதம் ஓடியது. கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து ஊருக்குத் திரும்பும் வழியில், ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில் வெப்பமானியின் ஊசி மேலே போனது. பயந்தாள். ஆனால், சற்று நேரத்தில் ஊசி தானாகவே கீழே இறங்கியது. சூடு தணிந்துவிட்டது என்று நினைத்து, சுங்கை பேராக் ஓய்விடம் வரை போய்விடலாம் என ஓட்டினாள். அங்கே நிறுத்திய கார் அதன்பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை.

அந்த ஊசி ஏன் இறங்கியது? வெப்பத்தை அளக்கும் சென்சர் கூலண்ட் நீரில் முங்கியிருக்க வேண்டும். ரேடியேட்டர் ஒழுகி நீர் முழுவதும் வற்றிப்போனால், சென்சரைச் சுற்றி வெறும் காற்றும் ஆவியும்தான் இருக்கும். அது நீரைப்போல் வெப்பத்தைக் கடத்தாது. மானி குறைவாகக் காட்டும். உள்ளே என்ஜின் வெந்துகொண்டிருக்கும். பல என்ஜின்களில் மேலே இருக்கும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். கீழே உள்ள பிளாக் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவடையும். அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் நெளிந்துவிடும். நடுவில் இருக்கும் கேஸ்கட் பிய்யும். கூலண்ட் நீர் என்ஜின் எண்ணெய்யில் கலக்கும். எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தால் தே தாரிக் நுரைபோல் இருக்கும். ஆகவே, ஊசி ஒருமுறை ஏறினால் பாதுகாப்பாக ஓரம்கட்டி என்ஜினை அணைத்துவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 பாகைக்கும் மேலான சூட்டில் முகத்தில் பீறிடும்.

இன்னொன்று. நெடுஞ்சாலையில் கார் நின்றதும் எங்கிருந்தோ வந்து நிற்கும் இழுவை லோரியிடம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். பல வாகனக் காப்புறுதிகளில் இழுவை உதவி சேர்ந்தே இருக்கிறது. அந்த எண்ணைக் கைப்பேசியில் இன்றே பதிந்து வையுங்கள். அதே காப்புறுதி, என்ஜின் பழுதுக்குப் பணம் தரும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். வழக்கமான வாகனக் காப்புறுதி விபத்துக்கும் திருட்டுக்கும்தான். இயந்திரக் கோளாறுக்கு இல்லை.

மூன்று பட்டறை, மூன்று விலை

தோழி மூன்று இடத்தில் விசாரித்தாள். முதல் பட்டறையின் தவுக்கே பானெட்டைத் திறந்து பார்த்ததோடு சரி, “வேறு என்ஜின் போட வேண்டும், 4,200 வெள்ளி” என்றார். இரண்டாவது இடத்தில், ஹெட்டை மட்டும் சரிசெய்யும் டாப் ஓவர்ஹால் போதும், 1,900 வெள்ளி என்றார்கள். கேட்கக் குளிர்ச்சியாக இருந்தது. மூன்றாவது, தைப்பிங்கில் ஓர் அண்ணன். அவர் விலையே சொல்லவில்லை. “ஹெட்டைக் கழற்றிப் பார்க்காம எதுவும் சொல்ல முடியாதுமா. கழற்ற 250 வெள்ளி. செய்யலைன்னாலும் அந்தக் காசு எனக்கு வேணும்” என்றார்.

மூன்றில் விலை அதிகம்போலத் தோன்றியது இந்த 250 வெள்ளிதான். ஆனால், என் கணிப்பில் அவள் செய்த ஆகச் சிறந்த செலவும் அதுவே. கழற்றிப் பார்த்ததில் ஒரு சிலிண்டரின் சுவரில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கீறல். அதை விட்டுவிட்டு ஹெட்டை மட்டும் சமன்படுத்திப் பூட்டியிருந்தால், சில மாதங்களில் என்ஜின் எண்ணெய்யைக் குடிக்க ஆரம்பித்திருக்கும். நீலப் புகையோடு அந்த 1,900 வெள்ளியும் போயிருக்கும். பிளாக்கையும் கடைந்து, புதிய பிஸ்டன் போட்டு முழு ஓவர்ஹால் செய்யலாம். ஆனால், சாதாரண உள்நாட்டுக் கார்களுக்கு, நன்றாக ஓடும் பழைய என்ஜினை மாற்றுவதே பெரும்பாலும் மலிவாக முடிகிறது. நம் நாட்டில் ‘ஹாஃப் கட்’ கடைகள் இத்தனை இருப்பதும் அதற்காகத்தான். ஜப்பானில் கழித்துக் கட்டிய கார்களின் முன்பாதியை வெட்டி எடுத்து, என்ஜினோடு இங்கே கொண்டுவந்து விற்கிறார்கள். பெரோடுவாவின் பல என்ஜின்கள் டைஹாட்சு குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் அவற்றுக்குப் பொருத்தம் தேடுவது எளிது.

வீட்டில் அடுத்த விவாதம் ஆரம்பித்தது. “9,500 வெள்ளி போட்ட காரை எப்படிம்மா சும்மா விட்டுடறது?” என்றார் அப்பா. நியாயமான வருத்தம். ஆனால், அந்த 9,500 வெள்ளி இந்தக் கணக்கிலேயே வரக்கூடாது. காரைச் சரிசெய்தாலும் அது திரும்பாது. இரும்புக்கடைக்குக் கொடுத்தாலும் திரும்பாது. பார்க்க வேண்டிய எண்கள் வேறு. அதே வயது, அதே ரகத்தில் நன்றாக ஓடும் கார் அப்போது சந்தையில் 8,000 வெள்ளி அளவில் போனது. என்ஜின் இறந்த நிலையில் இவளுடைய காருக்கு ஒருவர் 1,500 வெள்ளி தருவதாகச் சொன்னார். தைப்பிங் அண்ணன் என்ஜின், கூலி, புதிய உதிரிகள் எல்லாம் சேர்த்துச் சொன்ன தொகை 3,600 வெள்ளி. அப்படியென்றால் காரைச் சரிசெய்வது என்பது, கையில் வரக்கூடிய 1,500 வெள்ளியையும் விட்டுக்கொடுத்து, மேலும் 3,600 வெள்ளி போடுவது. மொத்தம் 5,100. இந்த 5,100 வெள்ளிக்கு இதைவிட நல்ல கார் வெளியே கிடைக்குமா என்பதுதான் கேள்வி. கிடைக்காது. கியர்பாக்ஸ் நன்றாக இருந்தது, அடித்தகடு துருப்பிடிக்கவில்லை, டயர்கள் போன வருடம் மாற்றியவை. ஆகவே, சரிசெய்யலாம்.

இதே கணக்கு என் அத்தை மகனுக்கு நேர்மாறான விடையைத் தந்தது. 20 வயதைத் தாண்டிய கார். ஓடும் நிலையிலேயே 3,000 வெள்ளிதான் பெறும். என்ஜின் மாற்றவும் கிட்டத்தட்ட அதே தொகை. கியர்பாக்ஸ் வேறு ஊளையிட ஆரம்பித்திருந்தது. அவர் காரைக் கொடுத்துவிட்டு ஒரு பழைய கப்சாய் வாங்கிக்கொண்டார். மழைக்காலத்தில் திட்டிக்கொண்டேதான் ஓட்டுகிறார், அது வேறு விஷயம்.

தோழிக்கு அப்போது பெரிய சுமையாக இருந்தது பணத்தைவிட நேரம். இரண்டு வாரத்தில் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் ஆறு மாதத் தொழிற்பயிற்சி தொடங்குகிறது. வீட்டிலிருந்து போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த அவசரத்தில்தான் 4,200 வெள்ளி சொன்ன முதல் பட்டறைக்கே சரி என்று சொல்ல இருந்தாள். அக்காள் ஒரு கேள்வி கேட்டார்: “இந்த ஆறு மாசத்துக்கு உனக்குக் கார் கண்டிப்பா வேணுமா?” தொழிற்சாலைக்கு அருகே பகிர்ந்து தங்கும் அறை மாதம் 350 வெள்ளி. தினமும் அவ்வளவு தூரம் ஓட்டினால் பெட்ரோலுக்கே அதே அளவு ஆகும். அறையை எடுத்தாள். அதோடு இரண்டு வாரக் கெடு காணாமல் போனது. காரை அண்ணனின் பட்டறையிலேயே விட்டு, நிதானமாக என்ஜின் தேடி, பணத்தை இரண்டு தவணையாகக் கட்டினாள். இப்போது அந்தக் காரில் அவளுடைய அப்பாதான் அம்மாவை மாதச் சிகிச்சைக்காகத் தைப்பிங் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார். அவசரம் என்பது பாதி நேரம் நாமே கட்டிக்கொள்ளும் கயிறு என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாருக்கும் அந்த வசதி அமையாது. ஆனால் கேட்டுப் பார்க்காமல் விடக்கூடாத கேள்வி அது.

பழைய என்ஜின் வாங்கும்போது

கடையில் என்ஜினை ஓடவிட்டுக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் அளந்து காட்டச் சொல்லுங்கள். எண்கள் கூடுதல் குறைவாக இருப்பதைவிட, ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நிற்பதுதான் ஆபத்து. எண்ணெய் மூடியின் அடிப்பகுதியைப் பாருங்கள். உத்தரவாதம் எத்தனை நாள், அது என்ஜினுக்கு மட்டுமா அல்லது மறுபடி இறக்கி ஏற்றும் கூலிக்கும் சேர்த்தா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

என்ஜினைக் காரில் ஏற்றுவதற்கு முன், அது வெளியே தரையில் இருக்கும்போதே தண்ணீர்ப் பம்ப், தெர்மோஸ்டாட், எண்ணெய் சீல்கள் ஆகியவற்றைப் புதிதாக மாற்றிவிட வேண்டும். வீரா, சாகா பிஎல்எம், கஞ்சில் போன்றவற்றில் இருப்பதுபோல் டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் என்றால் அந்தப் பெல்ட்டையும் சேர்த்து. (மைவியின் 1.3 என்ஜினில் பெல்ட்டுக்குப் பதில் செயின்.) வெளியே இருக்கும்போது மாற்றினால் உதிரியின் விலை மட்டும், பிறகு மாற்றினால் கூலியும் சேரும். முதல் என்ஜினைக் கொன்ற ரேடியேட்டரை மாற்ற மறந்தால் இரண்டாவதும் அதே வழியில்தான் போகும். இதைச் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால், அப்படி இரண்டு என்ஜின்களை இழந்த ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றார் தைப்பிங் அண்ணன்.

வியாபாரியிடம் வாங்கிய கார் சில வாரங்களிலேயே படுத்துவிட்டால் கதை வேறு. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், வியாபாரி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. பழைய பொருளுக்கும் இது பொருந்தும். அதன் வயதையும் விலையையும் கருத்தில் கொள்வார்கள், அவ்வளவுதான். “இருக்கிற நிலையில் வாங்கிக்கொள்கிறேன்” என்று கையெழுத்து வாங்கிவிட்டதால் மட்டும் அந்தச் சட்டம் இல்லாமல் போகாது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் பதியலாம். பொதுவாக வழக்கறிஞர் கிடையாது, நாமே பேசலாம். விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல், ரசீது, பட்டறை எழுதித் தந்த அறிக்கை ஆகியவை வேண்டும். காரை ஒரு தனிநபரிடம் வாங்கியிருந்தால் இந்த வழி இல்லை. என் தோழி வழக்குப் போடவில்லை. ஏழு மாதம் ஓட்டிய பிறகு, சூடேறிய காரை நிறுத்தாமல் ஓட்டியதையும் வைத்துக்கொண்டு வாதிடுவது கடினம் என்று அவளுக்கே தெரிந்தது.

வங்கிக் கடன் மிச்சமிருக்கும் கார் என்றால், என்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதத் தவணை ஓடும். கடனைத் தீர்த்து வங்கியின் உரிமையை நீக்காமல் காரை விற்கவும் முடியாது, இரும்புக்கடைக்குக் கொடுக்கவும் முடியாது. கழித்துக் கட்டுவதானால், ஜேபிஜேயில் பதிவு ரத்தான சான்றைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு உங்கள் பெயரில் இருக்கும்வரை அந்தக் காரின் பெயரில் வரும் சம்மனும் உங்களுக்கே வரும்.

என்ஜின் மாற்றுவதானால் பலர் தவறவிடுவது கடைசிப் படி. கிரெண்டில் பதிவான என்ஜின் எண்ணும் காரில் இருக்கும் என்ஜினின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றிய என்ஜினைப் புஸ்பாகோம் போன்ற பரிசோதனை மையத்தில் காட்டி, ஜேபிஜேயில் புதிய எண்ணைப் பதிய வேண்டும். பிறகு காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், நாளை காரை விற்கும்போது உரிமை மாற்றப் பரிசோதனையில் மாட்டிக்கொள்ளும். பதிவுக்கு என்ஜின் வாங்கிய ரசீது வேண்டும்; இறக்குமதியான என்ஜின் என்றால் சுங்கத்துறைப் பத்திரமும் கேட்பார்கள். இவற்றைத் தர முடியாது என்று தட்டிக்கழிக்கும் கடையில், விலை எத்தனை நூறு வெள்ளி குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். எங்கிருந்து வந்த என்ஜின் என்று அவர்களுக்கே சொல்ல விருப்பமில்லை என்றால், நாளை ஜேபிஜே முகப்பில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.