எல்லையில் ஓடும் காவிரி

ஆறு எங்கே பிறக்கிறது, எங்கே கடலில் கலக்கிறது என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே படித்துவிடுகிறோம். இடையில் அது யாருக்கு எல்லையாகிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. தலைக்காவிரியில் பிறந்து பூம்புகாரில் கடலைச் சேரும் காவிரி ஏறக்குறைய 800 கி.மீ. நீளமுடையது. அதில் சுமார் 64 கி.மீ. தூரம் கர்நாடகத்திற்கும் தமிழகத்திற்கும் எல்லையாக ஓடுகிறது.

மேக்கேதாட்டுவைக் கடந்து சிறிது தூரத்தில் இவ்வெல்லை தொடங்குகிறது. இடக்கரையில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள். வலக்கரையில் சாமராஜநகர் மாவட்டம். ஒகேனக்கல் அருவியில் வீழ்ந்து, மேற்கிலிருந்து வரும் பாலாற்றையும் (இது வேலூர்ப் பாலாறு அன்று) ஏற்றுக்கொண்டு, காவிரி முழுமையாகத் தமிழகத்துள் நுழைந்து மேட்டூர் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது.

இவ்வெல்லை இயற்கை வகுத்தது போலத் தோன்றும். ஆனால், வலக்கரையிலுள்ள கொள்ளேகால் பகுதி 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தில் இருந்தது. அன்று இங்கே காவிரி, சேலத்திற்கும் கோவைக்கும் இடைப்பட்ட மாவட்ட எல்லையே! மொழிவாரி மாநிலச் சீரமைப்பில் கொள்ளேகால் மைசூர் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆறு இடம் மாறவில்லை. அதன் பொருள்தான் மாறியது.

ஆப்பிரிக்காவிலும் இத்தகைய நிலை உண்டு. தென்னாப்பிரிக்காவிற்கும் நமீபியாவிற்கும் இடையே ஆரஞ்சு ஆறு ஓடுகிறது. 1890-இல் பிரிட்டனும் ஜெர்மனியும் செய்துகொண்ட உடன்பாடு, எல்லையை ஆற்றின் நடுவில் அமைக்காமல் வடகரையில் அமைத்தது. 1990-இல் விடுதலை பெற்ற நமீபியாவிற்கு, கரை இருந்தும் ஆற்றில் உரிமை கேட்டுப் பெறவேண்டிய நிலை வந்தது.

நமக்கோ ஆறு யாருடையது என்பதைவிட, எவ்வளவு நீர் வருகிறது என்பதே கேள்வி. அதற்கு விடை தரும் இடம், எல்லையிலுள்ள பிலிகுண்டுலு. மத்திய நீர் ஆணையத்தின் அளவை நிலையம் அங்கே உள்ளது. ஆற்றின் குறுக்குவெட்டுப் பரப்பை நீரின் வேகத்தால் பெருக்கினால் நொடிக்கு இத்தனை கன அடி எனக் கிடைக்கும். சாதாரண ஆண்டில் இங்கே 177.25 டி.எம்.சி. நீர் வந்து சேரவேண்டும் என 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. இதில் ஜூன் மாதப் பங்கு 9.19, ஜூலைப் பங்கு 31.24. குறுவை நடவு நடைபெறும் மாதங்கள் இவையே. ஆண்டுக் கணக்கு சரியாக இருந்தாலும், நீர் இம்மாதங்களில் வராவிடில் தஞ்சை உழவனின் நாற்று கருகிவிடும்.

நம் திண்டுக்கல் மாவட்டத்துக் குடகனாறும் அமராவதி வழியே காவிரியைத்தான் சேர்கிறது. எனவே காவிரிக் கணக்கு நமக்கும் அயலான செய்தியன்று. வரைபடத்தில் எல்லை ஒரு கோடு. மண்ணில் அது ஓடும் நீர். கோட்டைப் பிரிக்கலாம், நீரைப் பகிர்ந்துகொள்ளத்தான் முடியும்.