வெள்ளியங்கிரி: கால் தயார், இதயம் தயாரா?

மாசி சிவராத்திரி நெருங்கினாலே கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி விற்பனை களைகட்டிவிடும். பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை அனுமதி உண்டு. ஏழு மலை தாண்டிச் சுயம்பு லிங்கத்தைத் தரிசிக்கப் பெரியவர்களும் இளைஞர்களும் திரளும் பருவம் இது. ‘மலையேறிய பக்தர் மூச்சுத்திணறி உயிரிழப்பு’ என்ற செய்தி அடிக்கடி வருவதும் இதே பருவத்தில்தான்.

காட்டுக்குள் போகும்போது யானை பயம் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் அந்தச் செய்திகளைப் படித்தால் அதிகம் தென்படுவது மாரடைப்பு. ‘மேலே போகப் போகக் காற்று குறைவு’ என்று சமாதானம் சொல்வார்கள். உச்சியே சுமார் 6,000 அடிதான். உயரத்தால் வரும் உபாதை பொதுவாக 8,000 அடிக்கு மேல்தான் தலைகாட்டும். இங்கே மூச்சு வாங்கவைப்பவை படிகள். முதல் மலையே செங்குத்து. ஆண்டு முழுக்க நாற்காலியில் கிடந்த உடம்பு, ஒரே இரவில் தூக்கத்தையும் தொலைத்துவிட்டுக் கூட்டத்தோடு போட்டி போட்டு ஏறினால் இதயம் திணறத்தான் செய்யும்.

ஒரு மாதம் முன்பே

தினமும் அரை மணி நேரம் வேகநடை, பிறகு மாடிப்படி. இதுதான் பயிற்சி. இதய நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் மலையேறுவதைத் தவிர்க்கும்படி வனத்துறையே கேட்டுக்கொள்கிறது. நாற்பதைத் தாண்டியவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

பாதையில்

பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகமே சரியான வேகம். வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீர் போதாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்துகொள்ளலாம். ஆண்டிச் சுனையைக் கண்டதும் வேர்த்த உடம்போடு இறங்காதீர்கள். சில்லென்ற நீர் பட்டதும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அழுத்தம் எகிறும். மூச்சு அடங்கியபின் கை கால் நனைத்துப் பிறகு குளியுங்கள்.

இறங்கும்போது பாரமெல்லாம் முழங்காலில். தடி உண்மையில் உதவுவது அப்போதுதான்.

கற்பூரமோ பீடியோ பாதையில் வேண்டாம். கோடையில் காய்ந்த புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதை 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி மாண்டபோது பார்த்துவிட்டோம்.

திரும்பத் தெரிய வேண்டும்

நெஞ்சில் அழுத்தம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல்: இவற்றில் ஒன்று வந்தாலும் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். கூட வந்தவர்கள் ‘இன்னும் ஒரு மலைதான்’ என்று தேற்ற வேண்டாம். வனத்துறையினருக்குத் தகவல் சொல்லுங்கள். அந்தப் பாதையில் ஆம்புலன்ஸ் ஏறாது, டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். அதற்குப் பல மணி நேரம் ஆகும். ஆகவே, திரும்பிவிடலாம் என்ற முடிவை எவ்வளவு கீழே எடுக்கிறோமோ அவ்வளவுக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.