மலையகத்தில் மெட்ச் பார்க்க எங்கே போவது?

லண்டனுக்கு வெளியே ஒரு சிறிய ஊரில் வசிக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் ஹட்டனுக்கு வந்திருந்தார். "மெட்ச் பார்க்க இங்க நல்ல பப் ஏதும் இருக்கே?" என்று கேட்டார். அவருடைய ஊரில் பெரிய திரையில் கால்பந்து ஓடுமாம். முன்பின் தெரியாதவரோடும் தோளுரசி நின்று சத்தம் போடலாமாம். இருக்கிறது என்றும் இல்லை என்றும் என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை.

வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்கென்று கட்டிக்கொண்டவை இங்கே பலமாகவே இருக்கின்றன. கிளப் என்று பெயர். நுவரெலியா ஹில் கிளப் 1876இல் கோப்பித் தோட்டத் துரைமார் தொடங்கியது. இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் கட்ட வேண்டும் என்ற பழைய வழக்கத்தை அது விடவில்லை. டிக்கோயாவில் தரவளை, நானுஓயாப் பக்கம் ரதல்ல என்று துரைமார் ஆடிய மைதானங்களும் உண்டு. ஆடி முடித்துக் கிளப்பில் உட்கார்ந்து குடிப்பார்கள். தொழிலாளிக்கு அங்கே புல் வெட்டவும் பரிமாறவும் இடமிருந்தது. என் தாத்தா அப்படி ஒரு கிளப்பில் தோட்டக்காரராக இருந்தவர். வாசலில் எத்தனை படி என்று எண்ணிச் சொல்வார். உள்ளே உட்கார்ந்த கதை ஒன்றும் அவரிடம் இல்லை.

அடுத்தது தவறணை. இப்போது பார் என்கிறார்கள். அங்கே டீவி இருக்கும், மெட்சும் ஓடும். ஆனால் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களுக்கு மது விற்பதை 1979ஆம் ஆண்டு வர்த்தமானி அறிவித்தல் தடுக்கிறது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொன்னார். பெண்கள் குடிக்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. நண்பரின் ஊரில் குடும்பத்தோடு போய் உட்காரும் இடம், எங்கள் ஊரில் ஆண்கள் மட்டும் போய்ச் சம்பளத்தைத் தொலைக்கும் இடமாக இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். பாரில் மெட்ச் பார்த்துவிட்டு அப்பா வரும் இரவில் வீட்டில் என்ன நடக்கும் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஆகவே எங்கள் பப் என்றால் அது தேத்தண்ணிக் கடையும் சலூனும்தான். அதைவிட்டால் லயத்தில் யார் வீட்டில் டீவி இருக்கிறதோ அந்த வீடு. ரூபவாஹினி 1982இல் வந்தாலும், பல லயங்களுக்கு மின்சாரம் வரப் பிறகும் நெடுங்காலம் பிடித்தது. தீபாவளி முற்பணத்தில் டீவி வாங்கி, கார் பெற்றரியில் ஓட்டுவோம். 1996 மார்ச் 17, லாகூரில் இறுதிப் போட்டி. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. எங்கள் இஸ்தோப்பில், அதாவது லயத்து முன்வாசலில், முப்பது பேராவது இருந்திருப்போம். வெற்றிக்குச் சில ஓட்டங்களே இருக்கையில் பெற்றரி இறங்கிவிட்டது. மிச்சத்தை ரேடியோவில் கேட்டோம்.

அந்த மார்ச்சில் வடக்கில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. யாழ்ப்பாணத்து இடப்பெயர்வு முடிந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. கொழும்பில் மத்திய வங்கிக் குண்டு வெடித்து ஏழு வாரம். அதனால்தான் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இங்கே ஆட மறுத்தன. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த என் அண்ணனைப் பொலிசார் பிடித்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். தோட்டத்து விலாசம் போட்ட அடையாள அட்டை அவரைக் காப்பாற்றவில்லை. விடுதலையாகி வந்தவர், அன்று எங்களோடு உட்கார்ந்து இலங்கைக்காகக் கை தட்டினார்.

ஆட்டம் இந்தியாவோடு என்றால் கதை வேறு. 2011 ஏப்ரல் 2, மும்பை. யுத்தம் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இலங்கை 274. கம்பீர் 97இல் ஆட்டமிழந்தார், டோனி நின்றார். வயசுப் பையன்கள் சிலர் துள்ளத் தொடங்கினார்கள். அப்பா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். "சத்தத்தக் கொறச்சு வைங்கடா. டவுனுக்கு நாளைக்கும் போகணும்" என்றார். பட்டாசு வாங்கி வைத்திருந்தவன் அதை அரிசி டின்னுக்குள் ஒளித்தான்.

நீ எந்தப் பக்கம் என்ற கேள்வி மற்றவர்களுக்கு விளையாட்டாக இருக்கலாம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தாத்தாமாரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. எங்கள் சித்தப்பா குடும்பம் அந்தக் கணக்கில் கூடலூருக்குப் போனது. நாங்கள் இங்கே நின்றோம். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது. இந்தியா அடிக்கும்போது ஒருவன் கை தட்டினால், அது சித்தப்பாவுக்கா, டோனிக்கா, வேறெதற்குமா என்று அவனுக்கே தெரியாது. கேட்பவருக்கோ பதில் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

அன்றைய ஆட்டத்தில் இன்னொரு சங்கடமும் இருந்தது. முத்தையா முரளிதரனின் கடைசிச் சர்வதேசப் போட்டி அது. அவருடைய தாத்தாவும் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்தவர்தான். முரளி பந்து போட வந்தபோது துள்ளிய பையன்களும் அடங்கிவிட்டார்கள். 8 ஓவர், 39 ஓட்டம், விக்கெட் இல்லை. எங்கள் வீட்டில் அதற்காக வருந்தியவர்களே அதிகம்.

2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை, தம்புள்ளை. மகளிர் ஆசியக் கிண்ண இறுதி. மறுபடியும் இந்தியாவும் இலங்கையும். தங்கச்சி வீட்டு டீவிக்கு முன்னால் அன்று முழுக்கப் பெண்கள். மழை பெய்தால் டிஷ் சிக்னல் போய்விடும் என்பதால் வானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரிக்கெட் விதி ஒன்றும் தெரியாத பெரியம்மாவும் வந்து உட்கார்ந்து, "இந்தப் புள்ளைங்களுக்கு நாட் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டார். சமரி அத்தபத்து 61, ஹர்ஷிதா ஆட்டமிழக்காமல் 69. எட்டு விக்கெட்டால் இலங்கை வென்றது. அவர்கள் யார் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நண்பர் அடுத்த முறை வந்தால் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். பிளேன்டீ உண்டு, பியர் கிடையாது.