உறக்கமும் உடல் இளைப்பும்

உடல் பருமனைக் குறைக்க விரும்புவோர் பொதுவாக இரண்டு வழிகளை அறிவர். உணவைக் குறைப்பது ஒன்று. உடலுக்கு உழைப்புக் கொடுப்பது மற்றொன்று. இவ்விரண்டும் மெய்யான வழிகளே. ஆயினும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க மூன்றாவது பொருள் ஒன்று உண்டு. அதுவே உறக்கம்.

நம் நீதிநூல்கள் உறக்கத்தைப் பெரும்பாலும் சோம்பலோடு சேர்த்தே பேசுகின்றன. திருக்குறளின் மடியின்மை அதிகாரம் துயிலைக் கேட்டுக்குரிய குணங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. ஆனால் அது சோம்பலால் விளையும் மிகுதுயிலைக் கடிந்த சொல்லேயன்றி, உழைத்தவன் பெறவேண்டிய ஓய்வைக் கடிந்ததன்று. இந்த வேற்றுமையை மறந்து, உறக்கத்தைச் சுருக்கினால் உடலும் சுருங்கும் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர்.

மும்பைக்கு அடுத்த டோம்பிவிலியில் குடியிருந்து, நாள்தோறும் மின்சார ரயிலில் நகரத்துக்குச் சென்று திரும்பும் ஓர் அலுவலரை எண்ணிப் பாருங்கள். அவர் வீடு திரும்பி உணவருந்திப் படுக்க இரவு 11 மணியாகிறது. எடையைக் குறைக்குமாறு மருத்துவர் கூறுகிறார். நடைப்பயிற்சிக்கு வேறு நேரமில்லை. ஆகவே காலை 4 மணிக்கே எழுந்து நடக்கத் தொடங்குகிறார். உணவையும் குறைக்கிறார். இரண்டு வாரத்தில் எடை குறைகிறது, அவர் மகிழ்கிறார். எடை குறைந்தது உண்மைதான். ஆனால் உடலிலிருந்து கழிந்தது கொழுப்பா, தசையா என்பதன்றோ கேட்கவேண்டிய கேள்வி?

இக்கேள்விக்கு விடைதரும் பரிசோதனை ஒன்றைச் சிகாகோ பல்கலைக் கழகத்து அறிஞர்கள் செய்து 2010ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பருமனான உடலுடைய 10 பேர் ஆராய்ச்சிக் கூடத்திலேயே தங்கவைக்கப்பட்டனர். அவர்களுக்கு 14 நாள் அளவாகக் குறைத்த உணவு அளிக்கப்பட்டது. ஒரு தவணையில் இரவுக்கு எட்டரை மணி நேரம் படுக்கையில் இருக்கலாம்; மற்றொரு தவணையில் ஐந்தரை மணி நேரமே. அதே மனிதர்கள், அதே அளவு உணவு. மாறியது உறக்கம் ஒன்றே.

இரு தவணைகளிலும் குறைந்த எடை ஏறக்குறைய 3 கிலோ. ஆனால் நன்கு உறங்கிய காலத்தில் கழிந்த கொழுப்பு 1.4 கிலோ, உறக்கம் சுருங்கிய காலத்தில் 0.6 கிலோ மட்டுமே. எஞ்சிய குறைவெல்லாம் தசை முதலான கொழுப்பல்லாத பகுதிகளிலிருந்து வந்தது. அது முதல் தவணையில் 1.5 கிலோவாக இருந்தது, இரண்டாவதில் 2.4 கிலோவாகப் பெருகிற்று. பட்டினியின் துன்பம் ஒன்றே. பலன் மட்டும் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. பரிசோதனை சிறியது, காலமும் குறுகியது. ஆயினும் எடைக் கருவி காட்டும் எண் ஒன்றையே நம்புவது தவறு என்பதை அது தெளிவாக்குகிறது.

தசையை இழப்பது இந்தியர்களுக்குச் சிறப்பாகக் கவலை தரவேண்டிய செய்தி. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யட்கின் ஆகிய இருவரும் தங்கள் உடல்களையே அளந்து 2004இல் ஒரு குறிப்பு வெளியிட்டனர். உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணிக்கும் உடல் நிறை எண் இருவருக்கும் 22.3 என ஒன்றாகவே இருந்தது. ஆனால் யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலிலோ 21.2 சதவீதம். மெலிந்து தோன்றும் இந்தியர் உடலிலும் கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் இருத்தல் உண்டு. உண்ட உணவின் சர்க்கரையைப் பெருமளவில் ஏற்றுக்கொள்வது தசையே. முன்னமே குறைவாக உள்ள தசையை மேலும் இழப்பது நீரிழிவுக்கு இடங்கொடுப்பதாகும்.

உறக்கம் குறைந்தால் பசி ஏன் மிகுகிறது என்பதையும் காண்போம். கொழுப்புத் திசுக்களிலிருந்து சுரந்து, போதும் என்று மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் என்னும் ஹார்மோனை 1994இல் கண்டறிந்தனர். இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் 1999இல் ஜப்பானிய அறிஞர்களால் கண்டறியப்பட்டது. 2004இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில் 12 இளைஞர்கள், இரண்டு இரவுகள் 4 மணி நேரமும், வேறு இரண்டு இரவுகள் 10 மணி நேரமும் படுக்கையில் இருந்தனர். உறக்கம் சுருங்கியபோது லெப்டின் 18 சதவீதம் தாழ்ந்தது. கிரெலின் 28 சதவீதம் உயர்ந்தது. இனிப்பிலும் மாவுப் பண்டங்களிலும் அவர்களுக்கு நாட்டம் மிகுந்தது. மேலும், நெடுநேரம் விழித்திருப்பவருக்கு உண்ணும் வாய்ப்பும் மிகுதி என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இழந்த உறக்கத்தை மீட்டால் பயன் உண்டா? உண்டு. ஆறரை மணிக்கும் குறைவாக உறங்கிவந்த பருமனான 80 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. அவர்களுள் ஒரு சாராருக்கு உறங்கும் முறை பற்றிய அறிவுரை மட்டும் வழங்கினர். அவர்கள் சுமார் ஒரு மணிக்கு மேல் கூடுதலாக உறங்கினர். உணவைக் குறைக்குமாறு எவரும் சொல்லாதிருந்தும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 270 கலோரி குறைவாக உண்டனர். இது ஐந்தாறு இட்லிகள் தரும் சக்திக்கு ஒப்பாகும்.

வளர்ந்தோர்க்கு இரவில் 7 மணி நேர உறக்கமாவது வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. வேலையும் பயணமும் நாளை விழுங்கும் பெருநகரங்களில் இது எளிதன்று. ஆயினும் சில செய்யலாம். விடியற்கால நடைக்காக உறக்கத்தை வெட்டுவதினும், ரயில் நிலையத்துக்கு நடந்து செல்வதும், மதிய உணவுக்குப்பின் சிறிது நடப்பதும் நன்று. மாலை 5 மணிக்கு அருந்திய காப்பியின் காஃபீனில் ஏறத்தாழப் பாதி இரவு 10 மணிக்கும் உடலில் தங்கியிருக்கும். ஆகவே பிற்பகலுக்குப்பின் காப்பியைத் தவிர்க்கலாம். ஊரிலுள்ள உறவினரோடு கைப்பேசியில் உரையாடுவதை உணவுக்கு முன்பே முடித்துக்கொள்ளலாம். இரவுமுறை வேலை செய்வோர் பகலில் அறையை இருட்டாக்கி, ஒரே நேரத்தில் உறங்கப் பழகுதல் நலம். உரத்த குறட்டையும், இடையே மூச்சுத் தடைபடுதலும், பகலில் தூக்கக் கலக்கமும் உடையோர் மருத்துவரைக் காணவேண்டும். அது உறக்கத்தையே கெடுக்கும் நோயாக இருக்கலாம்.

உறங்கினால் மட்டும் உடல் இளைத்துவிடாது. உணவில் அளவும் உடலுக்கு உழைப்பும் என்றும் வேண்டும். ஆனால் அவ்விரண்டினாலும் வரும் பயன் கொழுப்பைக் கரைப்பதாக அமைய, உறக்கமும் உடன் வேண்டும். எடை குறைக்கக் கருதுவோர் நாளைய உணவைத் திட்டமிடும்போதே, இன்று எப்போது படுப்பது என்பதையும் முடிவு செய்து கொள்வாராக.