சமூக சேவைக் கல்வியும் ஊரவர் பங்கும்

பிறர்க்கு உதவுதல் தமிழர்க்குப் புதிய பண்பன்று. ஆயினும் உதவுதலில் இருவகை உண்டென்பதை முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். திருக்குறளில் ஒப்புரவறிதல் ஓர் அதிகாரமாகவும், ஈகை அதனை அடுத்து வேறோர் அதிகாரமாகவும் வைக்கப்பட்டுள்ளமை இதற்குச் சான்றாகும். ஈகையாவது உடையவன் இல்லாதவனுக்குக் கொடுப்பது. ஒப்புரவாவது ஊரோடு கூடி வாழ்பவன் ஊரின் நலத்துக்காகத் தன் கடனைச் செய்வது. முன்னதில் கொடுப்போர் ஒருபுறமும் கொள்வோர் மறுபுறமும் நிற்பர். பின்னதில் அப்பிரிவு இல்லை. சமூக சேவை என்னும் பெயரால் மாணவர்க்கு இன்று கற்பிக்கப்படுவது இவ்விரண்டனுள் எது என்பது ஆராயத்தக்கது.

ஈகை வேண்டாததென்று கூறுவார் எவருமிலர். 1877ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடு வாசலைத் துறந்து இடம்பெயர்ந்த வேளையிலும், பிறர் கொடுத்த உணவும் உறைவிடமுமே பலரைக் காத்தன. ஆபத்துக் காலத்தில் கலந்தாலோசித்துக்கொண்டிருத்தல் தகாது, கொடுத்தலே அறம். ஆனால், ஆபத்து நீங்கிய பின்னரும் கொடுத்தல் ஒன்றே சேவையெனக் கொள்ளப்படுமாயின், கொள்வோர் என்றும் கையேந்துவோராகவே நிற்பர். எங்கே ஈகை முடிந்து ஒப்புரவு தொடங்கவேண்டும் என்று அறிதலே சமூக சேவைக் கல்வியின் முதற் பாடமாகும்.

இப்பாடத்தை மேலைநாட்டினரும் அனுபவத்தாலேயே கற்றனர். 1884ஆம் ஆண்டில் இலண்டனின் கிழக்குப் பகுதியில் ரொயின்பி மண்டபம் நிறுவப்பட்டபோது, பல்கலைக்கழக மாணவர் ஏழைகளின் நடுவே குடியிருந்து அவர்தம் வாழ்க்கையை அறிதல் வேண்டும் என்பதே அதன் நோக்கமாயிருந்தது. பம்பாயில் 1936ஆம் ஆண்டு தாதா நிறுவனத்தாராலும், சென்னையிலும் கொழும்பிலும் 1952ஆம் ஆண்டிலும் சமூகப் பணிக்கெனப் பயிற்சிக் கூடங்கள் தொடங்கப்பெற்றன. இத்தகைய கூடங்களில் வகுப்பறைப் பாடத்துக்கு நிகராகக் களப்பயிற்சியும் இடம்பெறுதல் மரபு. நூலறிவு மட்டும் ஊரை அறியச் செய்யாது என்பது அம்மரபின் கருத்து.

யாழ்ப்பாணத்துக்கு இக்கருத்து வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. சங்கானைக்கு அப்பாலுள்ள மூளாயில் 1930களில் தோன்றிய கூட்டுறவு வைத்தியசாலை, அரசினரோ பெருஞ்செல்வர் ஒருவரோ அளித்த கொடையன்று. அங்கத்தவர் ஒன்றுகூடித் தமக்கென அமைத்துக்கொண்ட நிலையம். யாழ்ப்பாணப் பொதுநூலகமும் அவ்வாறே வளர்ந்தது. 1933இல் கே. எம். செல்லப்பா என்பார் தம் இல்லத்தில் தொடங்கிய இலவச நூற்சேவை, ஊர்ப் பெரியோரின் கூட்டு முயற்சியால் 1934இல் வாடகைக் கட்டடமொன்றிற் பொதுநூலகமாயிற்று. பின்னர் நகரின் உள்ளூராட்சி அதனை ஏற்றது. பொதுமக்களின் பொருளுதவியும் சேர, 1959இல் அழகிய கட்டடம் திறந்துவைக்கப்பட்டது. 1981இல் அது எரியூட்டப்பட்டபோது ஒவ்வொரு குடும்பமும் தன் உடைமையை இழந்ததுபோல் வருந்தியது. தாம் பங்குகொண்டு ஆக்கிய பொருளையே மக்கள் தமதென்று கருதுவர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

சிற்றூர்தோறும் காணப்படும் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும், கிராம அபிவிருத்திச் சங்கங்களும், மாதர் சங்கங்களும் இவ்வகையினவே. பத்திரிகை படித்தல் இவற்றின் வெளிப்பயன். உட்பயனோ பெரிது. பொதுக்கூட்டம் கூட்டுதல், அறிக்கை எழுதுதல், கணக்குக் காட்டுதல், மாற்றுக் கருத்தைப் பொறுமையுடன் கேட்டல், பெரும்பான்மையோர் முடிவுக்கு இணங்குதல் ஆகிய குடியாட்சிப் பழக்கங்களை எத்தனையோ பேர் முதலிற் கற்றது இந்நிலையங்களின் வாங்குகளில் அமர்ந்தேயாகும்.

மாணவரை ஊர்ப்பணியில் ஈடுபடுத்தியமைக்கு இலங்கையிற் சிறந்த உதாரணம் 1958ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரைக் கனத்தொலுவ என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கு வாழ்ந்தோர் சாதியின் பெயரால் நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட மக்கள். மாணவர் அவர்களுடன் தங்கி, உண்டு, உழைத்தனர். சர்வோதய சிரமதான இயக்கம் இதிலிருந்தே தோன்றியது. அவ்வியக்கத்தின் சிரமதான முகாம்களிற் சேவையாளரும் ஊரவரும் ஒருங்கமர்ந்து உரையாடும் ‘குடும்பக் கூட்டம்’ இன்றியமையாத உறுப்பாயிற்று. மண்வெட்டி பிடித்தலோடு மனம்விட்டுப் பேசுதலும் சேவையின் பகுதியென்று கொள்ளப்பட்டமை கவனித்தற்குரியது.

இனி, இக்கொள்கை ஓர் ஊரில் எவ்வாறு செயற்படக்கூடும் என்பதைச் சண்டிலிப்பாயை வைத்து விளக்கலாம். கல்வளைப் பிள்ளையாராலும் சீரணி நாகபூஷணி அம்மனாலும் புகழ்பெற்ற இவ்வூர் வயல்வளமும் தோட்டவளமும் உடையது. வலிகாமம் தென்மேற்குப் பிரதேச செயலகமும் இங்கேயே அமைந்துள்ளது. மாரிகாலத்தில் மட்டும் நீரோடும் வழுக்கையாறு, கந்தரோடை, சண்டிலிப்பாய் முதலிய ஊர்களினூடாகச் சென்று அராலிப் பக்கத்திற் கடனீரேரியை அடைகின்றது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளூடே கீழிறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய்த் தங்குவதாலேயே கிணறுகள் ஊறுகின்றன. ஆகவே குளத்தையும் வாய்க்காலையும் பேணுதல் கமக்காரரின் கவலை மட்டுமன்று. கிணற்று நீர் குடிக்கும் அனைவரின் கவலையுமாகும்.

இத்தகைய வாய்க்கால் ஒன்று புல்லும் குப்பையும் அடைந்து தூர்ந்து கிடக்கின்றது என வைத்துக்கொள்க. கல்லூரி மாணவர் ஐம்பதுபேர் ஒரு சனிக்கிழமை வந்து அதனைத் துப்புரவாக்கிச் செல்கின்றனர். செயல் நன்றே. ஆனால் அடுத்த மாரிக்குள் வாய்க்கால் பழைய நிலையை அடைந்துவிடும். ஏனெனில் அது தூர்ந்தமைக்குக் காரணம் மண்வெட்டி இன்மையன்று. குப்பை கொட்டுதற்கு வேறிடம் இல்லாதிருக்கலாம். மேல்வயற்காரர்க்கும் கீழ்வயற்காரர்க்கும் இடையே பிணக்கு இருக்கலாம். பராமரிப்பு எவர் பொறுப்பு என்பது தெளிவாகாதிருக்கலாம். இவை ஊரவர் கூடிப் பேசினாலன்றித் தீராதவை.

ஆகையால் முறையான சேவைக் கல்வி மண்வெட்டியோடு தொடங்குவதில்லை, கேட்டலோடு தொடங்குகின்றது. முதலில் மாணவர் வீடுவீடாகச் சென்று முதியோரிடமும் பெண்களிடமும் கமக்காரரிடமும் நிலைமையை வினவி எழுதுதல் வேண்டும். இரண்டாவதாக, அறிந்தவற்றைச் சனசமூக நிலையக் கூட்டத்தில் ஊரவர்முன் வைத்தல் வேண்டும். மூன்றாவதாக, எதனை முதலிற் செய்வதென ஊரவரே தீர்மானித்தல் வேண்டும். அத்தீர்மானம் மாணவர் விரும்பியதற்கு மாறாயிருப்பினும் அதனை மதித்தல் வேண்டும். நான்காவதாக, வேலையில் ஒவ்வொரு வீட்டாரும் மாணவரோடு கைகோத்தல் வேண்டும். இறுதியாக, செலவுக்கணக்கைப் பகிரங்கமாக வாசித்து, பராமரிப்புக்கு ஒரு குழுவை நியமித்தல் வேண்டும். பிரதேச சபையிடம் கேட்கவேண்டியதைக் கேட்டுப் பெறுதலும் அக்குழுவின் கடனாகும். குடிமக்கள் பங்கு என்பது அரசின் பொறுப்பைத் தம் தலையில் ஏற்றிக்கொள்ளுதலன்று.

அமெரிக்க அறிஞர் ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் எழுதிய கட்டுரையொன்றிற் குடிமக்கள் பங்கினை எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாக உருவகித்தார். அடிப்படியில் மக்கள் பிறர் நோக்கத்துக்குக் கருவியாகப் பயன்படுத்தப்படுகின்றனர். இடைப்படிகளில் அவர்க்கு அறிவிக்கப்படுகின்றது, அவர் கருத்துக் கேட்கப்படுகின்றது. மேற்படிகளிலேயே முடிவெடுக்கும் அதிகாரம் அவர் கைக்கு வருகின்றது. ஆட்கள் திரண்டமையைக் கண்டு பங்குபற்றல் நிகழ்ந்ததென்று மயங்கலாகாது. முடிவு யாருடையது என்று வினவுதலே தக்க அளவுகோல்.

இவ்விடத்து மற்றொரு வினாவும் எழுகின்றது. ‘ஊரவர்’ என்பார் யாவர்? கூட்டத்துக்கு வந்தோர் மட்டுமா? யாழ்ப்பாணச் சமூகத்திற் பொதுக்கிணற்றில் நீரள்ளவும் பிறரோடு சமமாய் அமரவும் உரிமை மறுக்கப்பட்டோர் இருந்தனர். 1920களில் மாணவர் முயற்சியாகத் தோன்றி, பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசாக விளங்கிய இயக்கம் இக்கொடுமையை எதிர்த்தது. சாதி காரணமாக ஒருவரைப் பொதுவிடங்களிலிருந்து விலக்குதல் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குற்றமாக்கப்பட்டது. எனினும் சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே இருக்கை கொடுப்பது ஊரின் மனம். ஒரு குறிச்சியார் அழைக்கப்படாத கூட்டத்தின் தீர்மானமும், பெண்கள் உழைக்க ஆண்கள் மட்டும் பதவி வகிக்கும் சங்கத்தின் தீர்மானமும் ஊர்த்தீர்மானம் ஆகா. வராதார் எவர், ஏன் வரவில்லை என்று கேட்கப் பழகிய மாணவனே சமூக சேவையில் உண்மையாகத் தேர்ந்தவன்.

இவற்றால், சேவைக் கல்வியின் பயனைச் சான்றிதழாலும் நிழற்படத்தாலும் அளத்தல் பொருந்தாதென்பது தெளிவாகும். மாணவர் சென்று ஓராண்டு கழிந்தபின் வாய்க்காலில் நீர் ஓடுகின்றதா, குழு கூடுகின்றதா, கணக்கு வாசிக்கப்படுகின்றதா என்று பார்த்தலே தக்க பரீட்சை. இப்பரீட்சைக்கு மாணவனும் ஊரும் ஒருங்கே தோற்றுகின்றனர். மாணவன் ஊருக்குக் கற்பிக்கச் சென்றவனாகத் தொடங்கி, ஊரிடம் கற்றவனாகத் திரும்புவானாயின், ஈகை ஒப்புரவாக வளர்ந்ததென்று கொள்ளலாம். அவ்வாறு பயின்றவன் பிற்காலத்தில் உத்தியோகத்தனாயினும் மருத்துவனாயினும் கமக்காரனாயினும், தன் ஊரில் ஒரு பொதுக்கூட்டம் கூடும்போது வீட்டில் இரான்.