டிராக்டரின் முன்சக்கரம் ஆடினால்...

உழவு முடிந்து இருட்டில் திரும்பும் டிராக்டர் மதகுக் கட்டையில் மோதுவதும், முன்சக்கரம் வரப்பிலிருந்து சரிந்து வாய்க்காலில் இறங்கிவிடுவதும் கிராமங்களில் அடிக்கடி நேர்பவைதான். நாலு பேர் சேர்ந்து வண்டியை மேலேற்றியதும் எஞ்சின் ஓடுகிறது, ஏர் இழுக்கிறது என்று பலர் அத்துடன் விட்டுவிடுகிறார்கள். வயலில் மெதுவாக ஓடும்போது குறை தெரிவதில்லை. நெல் மூட்டைகளுடன் டிரெய்லரை இழுத்துக்கொண்டு தார்ச்சாலையில் ஏறியதும் முன்சக்கரம் ஆடும். ஸ்டியரிங் கையில் நடுங்கும். இதைக் கவனிக்காமல் ஓட்டினால் ஒரு நாள் சக்கரமே கழன்று வண்டி கவிழ நேரிடும்.

பட்டறைக்குக் கொண்டு சென்றால் முதலில் டயரை மாற்றிப் பார்ப்பது, பிறகு பேரிங், அதற்கும் சரியாகாவிட்டால் ரிம் என்று செலவு வளர்ந்துகொண்டே போகும். சிறு விவசாயிக்கு இது கட்டுபடியாகாது. ஒரு ஜாக்கி, ஸ்பானர், சுண்ணாம்புக் கட்டி இவற்றைக் கொண்டே எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று பெரும்பாலும் வீட்டிலேயே கண்டுகொள்ளலாம்.

ஆட்டம், கோட்டம், சாய்வு

சைக்கிள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ரிம், ஹப் போன்ற சுற்றும் பாகம் வளைந்தால், சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு சுற்றிலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வரும். இது கோட்டம். ஹப்பைத் தாங்கி நிற்கும் ஸ்டப் ஆக்சில் சுற்றாத பாகம். அது வளைந்தால் சக்கரம் இப்படிப் போய் வராது; ஒரே பக்கமாகச் சாய்ந்தபடி சுற்றும், டயரும் ஒரு ஓரமாகவே தேயும். பேரிங், கிங் பின், டை ராடு முனை ஆகியவை தளர்ந்தால் சக்கரத்தைக் கையால் அசைத்தாலே ஆட்டம் தெரியும். இந்த மூன்றையும் பிரித்தறியாமல் செய்யும் ரிப்பேர் பெரும்பாலும் வீண் செலவே.

சோதிக்கும் முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். முன் ஆக்சிலை ஜாக்கியால் தூக்கியபின் அதன் கீழ் கனமான மரக்கட்டையை வைத்துவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கை வைக்கக் கூடாது. செங்கல் அடுக்கும் பாரத்தில் உடைந்துவிடும்.

முதலில் சக்கர நட்டுகளைப் பார்க்கவும். நட்டு தளர்ந்து ஓடிய வண்டியில் டிஸ்க்கின் துளைகள் முட்டை வடிவில் தேய்ந்திருக்கும். அத்தகைய டிஸ்க்கில் எவ்வளவு இறுக்கினாலும் நட்டு நிற்காது. டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான்.

அடுத்து, சக்கரத்தின் மேல் பாகத்தையும் கீழ் பாகத்தையும் இரு கைகளால் பிடித்து அசைக்கவும். அசைக்கும்போது இன்னொருவர் உட்புறம் கவனிக்க வேண்டும். ஸ்டப் ஆக்சில் அசையாமல் ஹப் மட்டும் அசைந்தால் குறை பேரிங்கில். ஹப்புடன் ஸ்டப் ஆக்சிலும் சேர்ந்து அசைந்தால் கிங் பின் அல்லது அதன் புஷ் தேய்ந்திருக்கிறது. இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு முனைகளைப் பார்க்கவும்.

அசைத்தும் ஆட்டம் இல்லையா? ரிம் ஓரத்துக்கு அருகே ஒரு கட்டையை நிறுத்தி, அதன் மேல் சுண்ணாம்புக் கட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மெதுவாகச் சுற்றவும். துருத்திய இடத்தில் மட்டும் கோடு விழும். ரிம் நேராக ஓடி, டயர் மட்டும் வளைந்து ஓடினால், மோதியதில் டயருக்குள் இருக்கும் நூல் அடுக்கு அறுந்திருக்கலாம். பக்கவாட்டில் புடைப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கவும். புடைத்த டயர் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும்.

ரிம்மில் கோடு விழுந்தாலும் உடனே புது ரிம் வாங்க ஓட வேண்டாம். வாய்க்காலில் இறங்கிய வண்டியில், சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே சேறு அகப்பட்டுக் காய்ந்துவிடுவதுண்டு. இந்த மண் படை ஒன்றே சக்கரத்தைக் கோட்டமாக ஓடச் செய்யப் போதும். கம்பி பிரஷ்ஷால் இரு முகங்களையும் துலக்கி, நட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கிப் பார்க்கவும். பிறகும் கோட்டம் இருந்தால் இடச் சக்கரத்தை வலத்திலும், வலச் சக்கரத்தை இடத்திலும் மாட்டவும். கோட்டம் சக்கரத்துடன் சேர்ந்து போனால் குறை ரிம்மில் அல்லது டிஸ்க்கில். பழைய இடத்திலேயே நின்றால் ஹப்பில். காசில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த உதிரி பாகத்தையும் வாங்க வேண்டாம்.

ஸ்டப் ஆக்சிலின் சாய்வை அறிய, வண்டியைத் தரையில் இறக்கிச் சக்கரங்களை நேராக வைத்து, கொத்தனாரின் தூக்குக்குண்டை ரிம் அருகே தொங்கவிடவும். முன்சக்கரங்களுக்கு இயல்பாகவே சற்றுச் சாய்வு உண்டு. இரு பக்கமும் சாய்வு வேறுபட்டால்தான் வளைவு எனக் கொள்ள வேண்டும்.

சீர் செய்தல்

சிறிய வளைவுள்ள ரிம்மை டயரைக் கழற்றியபின் பட்டறையில் நிமிர்த்தலாம். வெடிப்பு கண்டால் ஒதுக்கிவிட வேண்டும். டயர் மாட்டியிருக்கும்போது ரிம்மில் வெல்டிங் வைப்பது உயிருக்கு ஆபத்து. சூட்டில் டயர் குண்டுபோல் வெடிக்கும். வளைந்த ஸ்டப் ஆக்சிலையும் ஸ்டியரிங் கையையும் கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். இதற்கு உடன்படவே கூடாது. சூடேறிய எஃகு தன் வலுவை இழந்து பின்னர் திடீரென ஒடியும். இவற்றில் மிச்சம் பிடிப்பது மிச்சமல்ல.

பேரிங்கைக் கழுவிப் பார்த்து, உருளைகளில் நீலம் பாய்ந்தோ குழி விழுந்தோ இருந்தால், உள் வளையம், வெளி வளையம் இரண்டையும் சேர்த்தே மாற்றவும். கிரீஸ் அடைத்து மாட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நடு நட்டை இறுக்கி, சக்கரம் இலேசாகப் பிடித்ததும், காட்டர் பின் துளை நேர்படும் வரை பின்னுக்குத் தளர்த்த வேண்டும். பழைய காட்டர் பின்னை மறுபடி மாட்ட வேண்டாம். அதிகம் இறுக்கினால் பேரிங் சூடேறிக் கருகும்.

டை ராடை மாற்றினால் முன்சக்கரங்களின் இடைவெளியையும் அளக்க வேண்டும். ஆக்சில் உயரத்தில் ரிம்களின் முன்னோரங்களுக்கு இடையே உள்ள தூரம், பின்னோரங்களுக்கு இடையே உள்ளதைவிடச் சில மில்லிமீட்டர் குறைவாக இருப்பது வழக்கம். சரியான அளவு வண்டியுடன் வந்த கையேட்டில் இருக்கும். முன்சக்கரங்களுக்கும் இழுவை உள்ள டிராக்டர்களின் உள்ளமைப்பு வேறு; ஆட்டம் உள்ளே இருந்தால் கம்பெனிப் பட்டறையிடம் விடுவதே நல்லது.

இன்சூரன்ஸ் கோர இருப்பவர்கள், எதையும் கழற்றும் முன் கம்பெனிக்குத் தகவல் தந்துவிட வேண்டும். சக்கரம் மாட்டியபின் சில மணி நேரம் ஓடியதும் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கவும். பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் விலை பேசும் முன்பே இந்தச் சோதனைகளைச் செய்து பார்க்கலாம். முன் ஆக்சிலுக்கு மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் கூர்ந்து கவனிப்பது நலம்.